கீழ் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் கேட்ட விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மைத்துனியும் உங்கள் சர்க்கரை அளவும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் இதுதான்: என் மனைவி ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டாள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தேன். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, வீட்டுக்குள் பெண்கள் படும் அடியும் எச்.ஐ.வி.யும் கைகோத்துக்கொண்டு நடக்கின்றன, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தடுக்க முடியாது, எப்படித் தடுப்பது என்பதை வெளியூர்க்காரர்கள் சொல்லக்கூடாது, இந்தத் தெருக்காரர்களே வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எட்டுப் பெண்கள் கை தூக்கினார்கள். அதில் ஒரு கையில் நான் வாங்கிக் கொடுத்த வளையல் இருந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு மூடிவைத்த பாத்திரத்தில் இருக்கிறது, மனைவி தோளில் பையோடு யார் வீட்டிலோ இருக்கிறாள்.

குலுக்கல் முறையில் வீடுகளை எடுத்தார்கள். எங்கள் வீடும் விழுந்துவிட்டது. சொந்த வீட்டில் சொந்தக்காரியே கேள்வி கேட்கக்கூடாதாம், அதனால் வேறொரு பெண் வந்தாள். பேட்டி நடக்கும்போது வேறு யாரும் காதில் விழும் தூரத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே முப்பத்தோரு வருஷம் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற நான், என் வீட்டு மாடிப்படியில் ஒரு மணி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது பரவாயில்லை. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் என்னைப் பழைய கணக்கையெல்லாம் புரட்ட வைத்தது. நான் அவளைக் கைநீட்டி அடித்தவன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? கல்யாணமான புதிதில் கோபத்தில் ஒரு கண்ணாடி டம்ளரைச் சுவரில் வீசியது ஞாபகம் வந்தது. அவள் வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன். “அந்த டம்ளர் விஷயத்தையும் சொன்னியா?” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு டம்ளர்ல எதைக் கேக்கறீங்க?” என்றாள். சகலை, எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரமே, ஆண்கள் குழுவுக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் சலூனில், அதன் விடுமுறை நாளில். சுழல் நாற்காலிகளில் உட்கார்ந்து பேச வேண்டும், எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. பொய் சொன்னால் நம் முகமே நம்மை ஒரு மாதிரி பார்க்கிறது. முந்தின நாள் நாங்கள் என்னென்ன செய்தோம், மனைவி என்னென்ன செய்தாள் என்று எழுதச் சொன்னார்கள். என் வேலை ஆறு வரியில் முடிந்துவிட்டது, அதில் இரண்டு தூக்கம். அவள் வேலைக்குத் தாள் போதவில்லை. இதோடு விட்டார்களா? குழுவில் இருப்பவர்கள் முதலில் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால்தான் மற்றவர்களுக்கு பயம் போகும் என்று சுகாதார நிலைய வேனில் வரிசையாக நிற்கவைத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். பார்த்தால் என் பழைய மேலதிகாரி. “பிரஷர் பாக்க வந்தேன்” என்றார். “நானும்தான் சார்” என்றேன். விரலில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இறங்கிப் போனோம்.

இனிமேல் எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் நான் கோமாளியாகத்தான் தெரிவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி; நேர் கீழே முதல் மாடி வீட்டில் ஒரு தையற்காரி, அவள் புருஷன் வேன் டிரைவர். சில நாளில் அங்கிருந்து சத்தம் வரும். இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் வந்தால் நான் டிவியைச் சத்தமாக வைப்பேன். இப்போது குழுவில், என்ன செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். போய் நாலு அறை விடலாம் என்று சலூன்காரர் சொன்னார். டாக்டரம்மா, “அவங்களையே கேட்டீங்களா?” என்றார். யாரும் கேட்கவில்லை. என் மனைவி போய், புருஷன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள். தையற்காரி சொன்ன பதில் இது: “யாரும் புத்தி சொல்ல வராதீங்கக்கா. நீங்க போனதும் அதுவும் சேர்ந்து என் மேலதான் விழும். பெல் அடிச்சு ஏதாச்சும் கேளுங்க. அந்தக் கை அப்போதைக்கு நிக்கும்.”

மேல் வீட்டில் இருப்பவன் நான். ஆகவே பெல் அடிக்கிற உத்தியோகம் எனக்கு.

முதல் தடவை, சத்தம் கேட்டதும் இறங்கிப் போய் பெல் அடித்தேன். டிரைவர் கதவைத் திறந்து, “என்ன சார்?” என்றான். “ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேணும்” என்றேன். “எந்த சைஸ்?” அதை நான் யோசிக்கவே இல்லை. “இருக்கறதுலயே பெரிசு” என்றேன். கொடுத்தான். அடுத்த வாரம் சின்னது கேட்டேன். அதற்கடுத்து நட்சத்திர முனை உள்ளது. நாலாவது தடவை கதவைப் பிடித்துக்கொண்டே, “உங்க வீட்ல அப்படி என்னதான் சார் கழண்டு போகுது?” என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் தையற்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போவது தெரிந்தது.

போன மாதம் ஒரு மதியம், ஏதோ கனமான இரும்பு விழுந்த சத்தம். என்ன கேட்பது என்று யோசிக்காமலே ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது, தரையெல்லாம் பட்டன். அவள் சுவரோரம், புருவத்தில் ரத்தம். அவன் கையில் ஒரு மாத்திரை டப்பா. எச்.ஐ.வி.க்கான மாத்திரையாம், பட்டன் பெட்டிக்குள் அவள் ஒளித்து வைத்திருந்தாளாம். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் என்ற வார்த்தையே மறந்துபோய், “மணி என்ன?” என்று கேட்டேன். அவன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “ஓடல” என்றேன். அது ஓடிக்கொண்டிருப்பது அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது.

“போங்க சார்” என்றான்.

“போகல” என்றேன். சகலை, என் வாழ்க்கையில் நான் சொன்ன வீரமான வார்த்தை இது ஒன்றுதான், அதுவும் கீச்சுக் குரலில்.

அப்படியே நின்றேன். என் மனைவியும் இன்னும் மூன்று பெண்களும் சத்தம் கேட்டுப் படியேறி வரும்வரை நின்றேன். ஆறேழு நிமிஷம் இருக்கலாம். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, “என்ன செய்யணும், நீயே சொல்லு” என்றார்கள். “முதல்ல காயத்துக்கு மருந்து போடணும். போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போகணும், மெஷினோட” என்றாள். அந்த மெஷினைச் சுமந்துகொண்டு படி இறங்கியவன் நான், முழங்கால் கதை அங்கேதான் ஆரம்பம். வாசலில் டிரைவர் என்னிடம் தாழ்ந்த குரலில், “அவளுக்கு மட்டும் இல்ல சார், எனக்கும் இருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும்” என்றான். அவனை அறையத் தோன்றியது. கையில் மெஷின் இருந்தது. “மாத்திரை தர்ற எடத்துக்கு நாளைக்கே போ. அவ கிட்ட மட்டும் போகாதே” என்று சொன்னேன். போகிறான் என்று கேள்வி. திருந்தினானா என்று கேட்டால், அதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டும் என்கிறாள் என் மனைவி.

இதையெல்லாம் உங்களுக்கு நான் எழுதலாமா என்று சந்தேகப்பட வேண்டாம். போன சனிக்கிழமை ஆராய்ச்சி முடிவுகளைத் தெருவுக்கு வாசித்துக் காட்டினார்கள். வாசித்தது அந்தத் தையற்காரிதான். முதலில் தன் கதையைச் சொன்னாள். “யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க. ஒளிச்சு வெச்சப்பதான் அடி வாங்கினேன்” என்றாள். பிறகு கணக்கை வாசித்தாள். கேட்ட நூற்றிருபது வீட்டில் நாற்பத்தோரு வீட்டில் அடி. அந்த நூற்றிருபது வீட்டு மீட்டரையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தவன் நான். எந்த வீட்டில் எத்தனை யூனிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். கூட்டம் முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேச்சுக்கு என் மனைவி மரியாதை கொடுப்பாள். வயசாகிவிட்டது, வெயிலில் அலைய வேண்டாம், வீட்டோடு இருங்கள் என்று அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். எனக்கும் மதியத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. இந்தக் குழுவும் வேண்டாம், சலூன் கண்ணாடியும் வேண்டாம்.

மைத்துனிக்கு என் அன்பு. பிள்ளைகள் சீரும் சிறப்புமாக இருக்க என் ஆசிகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வில் ஓய்வில்லாத உங்கள் சகலை

பின்குறிப்பு: மேலே கேட்டபடி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். உறை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். அடுத்த கட்ட ஆராய்ச்சி உங்கள் பகுதியிலாம். அங்கே ஆண்கள் குழுவை நடத்த யார் வருகிறீர்கள் என்று கேட்டார், யார் கை உயர்ந்தது என்று பார்த்தால் என் கை. திங்கட்கிழமை வருகிறேன், மூன்று மாதம் உங்கள் வீட்டில்தான். குழுவில் முதல் பெயராக உங்கள் பெயரைச் சேர்த்தாகிவிட்டது. என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், போனிலேயே சிபாரிசு செய்தது மைத்துனி.