எங்கே குடியமர்த்த வேண்டும்?

குருமன்காடு,
வவுனியா.
2000 ஆவணி.

அன்புள்ள மருமகன் விஜிதரனுக்கு மாமா தவராசா எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் நானும் மாமி நேசமலரும் பனடோலின் உதவியுடன் சுகம். அவ்விடம் கனடாவில் நீரும் என் அக்காவும் உம்முடைய மனிசியும் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்கா அனுப்பிய சுவெற்றர் கிடைத்தது. வவுனியா வெயிலில் அதைப் போடக்கூடிய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மற்றப்படி இது ஒரு முறைப்பாட்டுக் கடிதம். நீர்ப்பாசன ஓவசியராக இருந்த காலம் முழுக்க வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்ற முறைப்பாடுகளை வாசித்துத்தான் எனக்குப் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசிவரை வாசியும்.

விசயம் நீர் புளொப்பியில் செய்து அனுப்பிய ‘காணி’ புரோகிராம். விசுவமடுவிலிருந்து சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து இங்கே ஒதுங்கியிருக்கிற வயல்காரர், கமக்காரர் நாங்கள் ஒரு சங்கம் வைத்திருப்பது உமக்குத் தெரியும். காணிப் பெர்மிட்டை ஓடுகிற ஓட்டத்தில் விட்டுவிட்டு வந்தவர்களும், பெர்மிட்டே இல்லாமல் காடு வெட்டி இருந்தவர்களும்தான் அதில் அதிகம். இவர்களுக்கெல்லாம் பக்கத்துக் காணிக்காரன் சொல்லுகிற சொல்தான் காணி உறுதிப் பத்திரம். ஆட்களைக் கூப்பிட்டு இருத்தி, அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எங்கள் சங்கத்துக்கு எழுத்து வேலை செய்கிற பிள்ளை கஜேந்தினி கொம்பியூட்டரில் ஏற்றுவாள். அடுத்த மாதம் காணி விசாரணைக்கு அதை அச்சடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. கொம்பியூட்டர் எங்களுடையதில்லை. நிவாரணக் கந்தோர் ஒன்று தன்னுடைய மூலை அறையில் இருக்கிற பழையதைப் பின்னேரங்களில் பாவிக்க விட்டிருக்கிறது. அதற்குள் ‘சி’ என்றும் ‘டி’ என்றும் இரண்டு அறை இருக்கிறதாம். சி கந்தோருக்கு, டி எங்களுக்கு. கொம்பியூட்டரைப் பார்க்கிற சுகிர்தன் முதல் நாளே சொல்லிப்போட்டான்: “ஐயா, டிக்குள்ள நீங்கள் ஆடு மாடும் கட்டலாம். சிக்குள்ள மட்டும் கால் வைக்காதேங்கோ.” நாங்களும் வைக்கவில்லை. வைத்தது உம்முடைய புரோகிராம்.

எப்படியென்று சொல்கிறேன். புளொப்பியைப் போட்டவுடன் அது கரகரவென்று தொண்டையைச் செருமிவிட்டுத் திரையில் ஒரு பெட்டியைக் காட்டியது. அதில் நல்ல தமிழில் ‘எங்கே குடியமர்த்த வேண்டும்?’ என்று கேட்டிருந்தது. கீழே எழுத ஒரு வெறும் இடம். உதாரணம் ஒன்றும் இல்லை, இப்படி எழுது என்று ஒரு சாடையும் இல்லை. நீர் இங்கிலீசில் இருந்த எந்தச் சொல்லைப் பிடித்து இப்படித் தமிழாக்கினீரோ தெரியாது. ஏற்றுதல், பூட்டுதல், போடுதல் என்று எத்தனை சொல் சும்மா கிடக்கிறது. அதெல்லாம் விட்டுவிட்டு நீர் மெனக்கெட்டுக் குடியமர்த்தப் போனீர். வவுனியாவில் இருக்கிறவனைப் பார்த்து எங்கே குடியமர்த்த வேண்டும் என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? வவுனியாவில் தங்கியிருக்கிற பாசுக்கு, நிவாரணத்துக்கு, ஆசுப்பத்திரிக்கு என்று படிவம் நிரப்பி நிரப்பிக் கை தன்பாட்டில் ஓடுகிற ஆட்கள் நாங்கள். கஜேந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஐயா, இப்ப இருக்கிற விலாசமோ, நிரந்தர விலாசமோ?”

“குடியமர்த்திறது எண்டால் நிரந்தரம்தான் பிள்ளை.”

அவள் ஊர், வாய்க்கால், காணி இலக்கம் என்று முழு விலாசத்தையும் இங்கிலீசு எழுத்தில் அடிக்கத் தொடங்கினாள். “பெட்டி சின்னன் ஐயா, ஊர்ப்பேர் மட்டும் போடுவம்” என்றாள். அப்படியே ‘விசுவமடு’ என்று போட்டு அமத்தினோம். நீலக்கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்தபிறகு ‘குடியமர்த்தல் வெற்றிகரமாக நிறைவேறியது’ என்று வந்தது. அந்த வசனத்தை வாழ்க்கையில் முதன்முதல் அன்றைக்குத்தான் வாசித்தோம். தேத்தண்ணிப் போத்தலோடு வந்திருந்த மாமி, “இவ்வளவு கெதியாவோ?” என்று கேட்டா.

அதற்குப் பிறகு அது ஒழுங்காக வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னேரம் பின்னேரமாக ஆட்கள் வந்து சொல்ல, கஜேந்தினி ஏற்ற, விசுவமடுவில் அரைவாசி கொம்பியூட்டருக்குள் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை கந்தோர்க்காரருக்குச் சி நிரம்பி வழிகிறதென்று கோபம் வந்து, அதைத் துப்புரவாக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுகிர்தன் துப்புரவாக்கிவிட்டு அன்றைக்கே மன்னாருக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை நாங்கள் வந்து ‘காணி’ப் படத்தில் அமத்தினால், திரையில் ஒரு சின்ன டோர்ச் லைட் வந்து அங்காலும் இங்காலும் அடித்துத் தேடிப்போட்டு, காணியைக் காணவில்லை என்று இங்கிலீசில் சொல்கிறது. அந்த டோர்ச் லைட்டைப் பார்த்து எனக்கு வந்த விசரை மாமிதான் அடக்கினா.

கஜேந்தினி அந்தப் படத்தை வலப்பக்கத்தால் அமத்தி, அதற்குப் பின்னால் எழுதியிருந்த விலாசத்தை வாசித்துப் பார்த்தாள். பேந்து கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

“ஐயா, நாங்கள் டி எண்டு போடேல்லை. ஊர்ப்பேர் மட்டும்தானே போட்டனாங்கள். எந்தப் பக்கத்து விசுவமடு எண்டு சொல்லாததால, அது தான் நிண்ட இடத்திலேயே ஒரு விசுவமடுவைக் கட்டிப்போட்டுது.”

“அது எங்க நிண்டது?”

“சிக்குள்ள. ‘ரெம்ப்’ எண்டு ஒரு இடத்தில.”

“ரெம்ப் எண்டால்?”

“தற்காலிகம், ஐயா.”

பிறகு அவள்தான் விளங்கப்படுத்தினாள். புளொப்பியில் இருப்பதை அவிழ்த்துப் பரப்புவதற்கென்று கொம்பியூட்டருக்குள் ஒரு தற்காலிக இடம் இருக்கிறதாம். அங்கே கிடப்பது குப்பையென்று யாரும் எப்பவும் வழித்து எறியலாமாம். துப்புரவாக்கு என்றால் முதலில் கூட்டுவது அதைத்தானாம். அதாவது மருமகன், நாங்கள் நிரந்தரம் என்று நினைத்து எழுதியதை உம்முடைய புரோகிராம் தற்காலிக முகாமில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெற்றிகரமாக நிறைவேறியது என்றும் அறிக்கை விட்டிருக்கிறது. இதைச் செய்யக் கனடாவில் போய்ப் படிக்க வேண்டுமா? இங்கே கனபேர் படிக்காமலே செய்கிறார்கள்.

பகிடி அதோடு முடிந்தது. எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணி சுப்பம்மாவுடையது என்பது உமக்கு ஞாபகம் இருக்கும். எழுபத்தேழில் மலையகத்திலிருந்து புருசனோடு வந்து இறங்கி, காடு வெட்டி, அவர் போனபிறகும் தனியாக நின்று செய்த காணி. அவவிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பக்கத்துக் காணி வீரபாகு அண்ணர் மட்டும்தான் சாட்சி. அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கஜேந்தினிக்குப் பக்கத்தில் இருந்து, இருமி இருமிச் சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் செத்துப்போனார். மற்ற ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு ஏற்றலாம். சலித்துக்கொள்வார்கள், ஆனால் வருவார்கள். வீரபாகு அண்ணரை நான் எங்கே போய்க் கூப்பிடுவது? சுப்பம்மாவுக்கு ஆரோ சொல்லிவிட்டார்கள். அவ முகாமிலிருந்து நடந்து வந்து கந்தோர் வாசலில் நின்றுகொண்டு, “ஐயா, எங்க காணி அதுக்குள்ளதானேங்க இருக்கு?” என்று கேட்டா. “சுகிர்தன் வந்தால்தான் தெரியும்” என்று சொன்னேன். அது பொய். துடைத்தது துடைத்ததுதான் என்று கஜேந்தினி எனக்கு முதலே சொல்லியிருந்தாள். நித்திரை இல்லை. எனக்கு உம்மில் கோபம், என்னில் அதைவிடக் கோபம்.

ஆகையால் என்னுடைய கோரிக்கை இதுதான். அந்தக் கேள்வியை எடுத்துவிடும். கேட்டால் சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்க முடியாதென்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கேட்கவே கூடாது. எங்களை இவ்வளவு காலமும் எத்தனையோ பேர் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள், எங்கே போக விருப்பம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதுகூட ஒரு விதத்தில் பரவாயில்லை, ஏமாற்றம் இல்லை. உம்முடைய பெட்டிதான் முதன்முதல் கேட்டது. நானும் மெனக்கெட்டு உண்மையைச் சொன்னேன். பேசாமல் எல்லாருக்கும் ஒரே இடம் என்று நீரே முடிவுகட்டி அனுப்பியிருந்தால், கிடைத்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். எங்களுக்கு அது பழக்கம்.

வேறு விசேசம் இல்லை. உமக்கும் மனிசிக்கும் புதூர் நாகதம்பிரான் துணை நிற்கட்டும். பிள்ளை பிறந்தால் தமிழ்ப் பேர் வையும், ஆனால் தமிழாக்கம் செய்து வைக்க வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு. மாமி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னா, சுவெற்றரைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னா.

இப்படிக்கு,
கோபம் தீராத மாமா,
தவராசா.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை இல்லாதபடியால் இது மேசையில் கிடந்தது. அதற்குள் மற்ற ஆட்களையாவது திரும்ப ஏற்றுவோம் என்று நானும் கஜேந்தினியும் உம்முடைய புளொப்பியை மறுபடி போட்டோம். அதே கேள்வி வந்தது. இந்தமுறை முன்னுக்கு டி போட்டு, புள்ளியும் சரிவுக்கோடும் எல்லாம் ஒழுங்காக வைத்து, பிறகு விசுவமடு என்று எழுதி அமத்தினோம். உடனே நாங்கள் முன்னம் காணாத ஒரு பெட்டி வந்தது. ‘அவ்விடத்தில் விசுவமடு ஏற்கெனவே உள்ளது. உள்ளே இருப்பவற்றை அகற்றிவிட்டுக் குடியமர்த்தவா?’ ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான். களைப்பில் கஜேந்தினியின் கை ஓம் பக்கம் போய்விட்டது. நான் மவுசைப் பிடித்து வயரோடு இழுத்துவிட்டேன். இருப்பவர்களை அகற்றிவிட்டு எனக்கு ஒரு குடியமர்வும் வேண்டாம். கீபோர்ட்டால் இல்லை என்றதை அமத்திவிட்டு டிக்குள் போய்ப் பார்த்தால், முழு விசுவமடுவும் ஆள் குறையாமல் அங்கே இருக்கிறது.

அடுத்த நாள் சுகிர்தன் மன்னாரிலிருந்து கலியாணப் பலகாரத்தோடு வந்து சேர்ந்தான். கேட்டோம். “சிக்குள்ள குப்பை அள்ளேக்க ஊர்ப்பேர் ஒண்டு கிடந்தது ஐயா. ஆருடையது எண்டு தெரியேல்லை. நானும் அந்த ஊர்தானே, அழிக்க மனம் வரேல்லை. டிக்குத் தூக்கி விட்டனான். பஸ்ஸுக்கு நேரமாகிப்போச்சுது, சொல்ல மறந்துபோனன்” என்றான். வேறு பேர் வைத்திருந்தால் துடைத்திருப்பானாம்.

ஆகவே மேற்படி முறைப்பாட்டை முழுவதுமாக வாபஸ் வாங்குகிறேன். கேள்வியை எடுக்க வேண்டாம். அந்தச் சொல்லையும் மாற்ற வேண்டாம். என்னைப்போல ஒருத்தன் வெறும் ஊர்ப்பேரை எழுதினால், எந்தப் பக்கம் என்று இன்னொருக்கால் கேட்கச் செய்யும். அகற்றவா என்று கேட்கிற பெட்டியில் இல்லை என்ற பொத்தானைப் பெரிதாகப் போடும்.

சுப்பம்மாவைக் கூப்பிட்டு, கஜேந்தினி வீரபாகு அண்ணர் சொன்னதைத் திரையில் வாசித்துக் காட்டினாள். “பாலை மரத்துக்கு அங்கால சுப்பம்மா, இங்கால நான். நடுவில வேலி இல்லை. தேவைப்படேல்லை.” அவ திரைக்குக் கிட்ட வந்து பார்த்தா. பிறகு, “அப்ப நாங்க இன்னும் அங்கதான் இருக்கோமுங்களா, ஐயா?” என்று கேட்டா.

நான் ஓம் என்று சொன்னேன்.