கிரீடத்தில் ஒரு வால்

"சார், நீங்க சொன்ன பேரையே பாப்பாவுக்கு வச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்!"

கோளரங்கத்து வாசலில் நின்றிருந்த இளைஞன் இதைச் சொன்னபோது விரிவுரையாளரின் வாயில் பாதி டீ இருந்தது. அதை ஒரு மாதிரி விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"நான் எந்தப் பேரைச் சொன்னேன்?"

"தெனெப், சார். போன ஷோல வெளிச்ச அம்பு போட்டுக் காட்டினீங்களே! பொண்ணுங்கறதால தெனெபா. 'அரசியின் கிரீடத்தில் பதித்த கல்'னு நீங்க சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

இளைஞனின் தோளில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. மெத்தை, தலையணை வியாபாரம் போலிருக்கிறது என்று விரிவுரையாளர் நினைத்துக்கொண்டார். பக்கத்தில் அவன் மனைவி. அவள் தோளில் இருந்த குழந்தை விரிவுரையாளரைப் பார்த்துச் சிரித்து, எச்சிலில் ஒரு குமிழி ஊதிக் காட்டியது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். மீதி டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். ஒரு நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சூடு, எத்தனை சூரியனை விழுங்கும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெயருக்கு அர்த்தம் கேட்டால் மட்டும் தகராறு. அன்றைக்கு இருட்டில் யாரோ, "அந்தப் பேருக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டார்கள். 'தெரியாது' என்ற சொல் அவர் தொண்டைவரை வரும், அதற்கு மேல் வராது, பிறவிக் கோளாறு. இருட்டில் பேசுவதில் ஒரு வசதி, பேசுகிறவன் முகம் தெரியாது. கிரீடமும் கல்லும் தானாக வந்து விழுந்தன.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் கீழே இறங்கிவிட்டது.

"நிஜமாவே அதுதான் அர்த்தமா?" என்று கேட்டாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"அப்போதைக்குத் தோணினது."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். படித்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயமா, வேறெதுவுமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன போட்டிருக்கு? சொல்லேன்."

"கோழியோட வாலாம்."

"என்னது?"

"அரபில தனப்னா வால். கிரேக்கர்கள் அன்னத்தைப் பாத்த இடத்துல அரபிக்காரங்க கோழியைப் பாத்திருக்காங்க. அதோட வால்தான் உங்க கிரீடத்துக் கல்லு. வால் நட்சத்திரம் வேற, மத்த நட்சத்திரம் வேறன்னு இத்தனை வருஷமா ஊருக்கே பாடம் எடுத்தீங்களே, போதுமா?"

அவர் போனைப் பிடுங்கிப் படித்தார். சாப்பாடு ஆறியது. ஒரு பெயரிலாவது மானம் மிஞ்சாதா என்று வானம் முழுக்கத் தேடினார். ரைஜெல், கால். எனிஃப், மூக்கு. வேகா, இறங்குகிற கழுகு. ஆல்கோல், பேய்த்தலை. நம் திருவாதிரையின் கதையோ இன்னும் மோசம். அரபியில் அது கை. ஏட்டை மொழிபெயர்த்தவன் ஒரு புள்ளியைத் தவறவிட்டதில் பெயர் குழம்பி, பின்னால் வந்தவர்கள் அதை அக்குள் என்றே படித்துவிட்டார்களாம். அந்தப் புள்ளிக்காரன் மேல் மட்டும் விரிவுரையாளருக்கு ஒரு சகோதர பாசம் உண்டானது.

"அந்தக் குழந்தை என்னைப் பாத்துச் சிரிச்சுது" என்றார் மெல்ல. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எவனாவது இதைக் கண்டுபிடிச்சு, 'ஏய் கோழிவாலு'ன்னு கூப்பிட்டா?"

மனைவி சிரிப்பதை நிறுத்தினாள்.

"இன்னும் பதிவு பண்ணலைதானே? நேராப் போய், 'தெரியாம சொல்லிட்டேன்'னு சொல்லிடுங்க. ரெண்டே வார்த்தை."

"சொல்லிடறேன்."

அவர்களே மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை குழந்தையின் தாத்தாவும் கூட. ஆள் வருவதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும் மூக்கு அவருக்கு. வாய் மட்டும் திறக்கவே இல்லை. மகனின் இடுப்பில் விரலால் குத்தினார். கேள் என்று அர்த்தம் போலும்.

"சார்..." என்று இளைஞன் நெளிந்தான். "அந்தப் பேரு, கிரீடத்துக் கல்லுதானே? வேற அர்த்தம் எதுவும் இருக்காதே? அரபி கிரபில..."

இதுதான் சந்தர்ப்பம். அந்த ரெண்டு வார்த்தையும் தொண்டைவரை வந்தன.

"வேற அர்த்தமா? இருக்கவே இருக்காது! யார் சொன்னா?" என்று அவர் கத்தியது அவருக்கே கேட்டது.

"ஐயோ, யாரும் சொல்லல சார். சும்மா கேட்டேன்."

இளைஞன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கூரையைப் பார்த்தார். மூன்று பேர் முகமும் தொங்கிப்போயிற்று. சந்தேகம் வந்துவிட்டது, பாவம், மரியாதைக்காக அடக்கிக்கொள்கிறார்கள் என்று விரிவுரையாளர் கூனிக் குறுகினார். ஒப்புக்கொள்ளாமலே பெயரை மாற்றிவிட முடிந்தால்?

"ஆனா தெனெபா கொஞ்சம் முரட்டுப் பேரு. வேகான்னு ஒண்ணு இருக்கு, சின்னதா, அழகா..."

"வேகாவா?" என்றாள் குழந்தையின் அம்மா. "போற வீட்டுல, 'என்ன வேகா, அரிசி வெந்துதா வேகலியா'ன்னு கேப்பாங்க சார்."

"சரி, எனிஃப்?"

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"மூ..." தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. "வாசனை."

மூக்குக்கும் வாசனைக்கும் அப்படியொன்றும் தூரமில்லை என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார். மனசாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அட, நல்லாருக்கே!" என்றான் இளைஞன். "எங்க அண்ணிக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்தக் குழந்தைக்கு அதை வச்சிடறோம். நம்ம பாப்பாவுக்குத் தெனெபாதான்."

ஒன்றை எடுக்கப் போய் இரண்டாயிற்று. இன்னும் கொஞ்சம் முயன்றால் அந்தக் குடும்பத்தில் தலைமுதல் கால்வரை ஒரு முழு உடம்பே பிறந்துவிடும் போலிருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"பாதி சொன்னேன்."

"எந்தப் பாதி?"

அவர் கைகழுவப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் குழந்தையின் பேரை எல்லாருக்கும் சொல்லப் போகிறார்களாம், குடும்பமே வேனில் வருகிறதாம். வீட்டில் வேலை அதிகம், லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வரவேண்டும், கொஞ்சம் தாமதமானால் மன்னிக்க வேண்டுமாம்.

"நீங்க அந்த நட்சத்திரத்தைக் காட்டி, உங்க வாயாலயே அர்த்தத்தைச் சொல்லணும் சார். எல்லாரும் கேக்கணும்" என்றான் இளைஞன். தாத்தாவின் விரல் மறுபடி இடுப்பில் குத்தியது. "உண்மையான அர்த்தத்தை."

'உண்மையான' என்ற சொல் விரிவுரையாளரின் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த நட்சத்திரம் ரொம்பப் பெரிசு. பெரிய நட்சத்திரத்துக்கெல்லாம் ஆயுசு குறைவு. அது வெடிச்சிடும். அப்படிப்பட்ட பேரை ஒரு பச்சைக் குழந்தைக்கு..."

"வெடிச்சிடுமா?" அம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எப்போ?"

"எப்ப வேணாலும்." 'பல லட்சம் வருஷம் கழிச்சு' என்பதை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம். அப்ப பேராவது நிலைக்கட்டும் சார். கட்டாயம் அதையேதான் வைக்கணும்."

திருட வந்த வீட்டில் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற திருடனைப்போல நின்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரங்கத்தின் நடுவில் ராட்சத எறும்பு மாதிரி நிற்கும் புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஆபரேட்டர் லென்ஸ். அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. கண்ணாடி அவ்வளவு தடிமன்.

"லென்ஸ், ஒரு உதவி. தெனெப் வர்ற ஓட்டையில கொஞ்சம் கறுப்பு டேப் ஒட்டிடுங்க."

"எதுக்கு?"

"இன்னைக்கு மட்டும் அது வேணாம்."

"வானத்துல இருக்கறது உங்களுக்கு வேணாம்னா நான் என்னய்யா பண்றது? மேல இருக்கறவர்கிட்ட சொல்லுங்க."

"லென்ஸ், என் மானமே போகுது."

லென்ஸ் அவர் முகத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டேப்பைக் கிழித்தார்.

வேன் வந்தது. மாமா, மச்சான், சித்தி, அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி என்று அரங்கம் நிறைந்தது. முதல் வரிசையில் தாத்தா, மடியில் குழந்தை. விளக்குகள் அணைந்தன. கூரை முழுக்க நட்சத்திரங்கள் கொட்டின. "ஆ..." என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. மற்ற நாட்களில் அந்த ஒலியைக் கேட்டால் விரிவுரையாளருக்கு நெஞ்சு விம்மும். இன்று கட்டுப்பாட்டு மேஜைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பதுங்கினார்.

வெளிச்ச அம்பு வானத்தில் தடுமாறியது.

"இதோ, இது அன்னம். இது தலை. இது சிறகு, இது இன்னொரு சிறகு. அவ்வளவுதான். அடுத்ததா நாம..."

"சார், அன்னத்துக்கு வாலே காணோமே!" என்று ஒரு மாமா குரல்.

"நம்ம நட்சத்திரம் எங்க சார்?" இது குழந்தையின் அம்மா.

"அது வந்து... கொஞ்சம் மேகமூட்டமா இருக்கு."

"உள்ளேயா?"

பிறகு இருட்டில் ஒரு விம்மல்.

"வெடிச்சிடுச்சு! ஐயோ, சார் சொன்னாரே, எப்ப வேணாலும் வெடிக்கும்னு! பாப்பா பேரைச் சொல்ற அன்னைக்கே போயிடுச்சே!"

அவ்வளவுதான். சித்தி அழுதாள். அத்தை சித்தியைத் தேற்றப் போய்த் தானும் அழுதாள். குழந்தை வீறிட்டது. "எழுந்திரிங்கப்பா, ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார் மாமா. இருட்டில் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. அந்த மொத்தக் குடும்பமும், ஒரு துண்டு டேப்புக்காக எழுந்து தலைகுனிந்து நின்றது.

குழந்தையின் அழுகைதான் அவரைக் கொன்றது.

"நிறுத்துங்க!" என்றார் மைக்கில். குரல் கூரையில் மோதி எல்லாப் பக்கமும் திரும்பி வந்தது. "வெடிக்கல! யாரும் அழாதீங்க! அது டேப்! நான்தான் ஒட்டச் சொன்னேன்!"

லென்ஸ் தட்டுத்தடுமாறி டேப்பைப் பிய்த்தார். அன்னத்தின் பின்பக்கத்தில், ஒன்றுமே நடக்காததுபோல, பளிச்சென்று எரிந்தது தெனெப்.

"எதுக்கு சார் ஒட்டினீங்க?"

"ஏன்னா அது கிரீடமும் இல்ல, கல்லும் இல்ல. கோழியோட வாலு! எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சுது. அதையும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனிஃப்னா வாசனை இல்லம்மா, மூக்கு. மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு குழந்தைக்கு வேற நல்ல பேரா வைங்க."

லென்ஸ், நல்ல எண்ணத்தில்தான், விளக்கைப் போட்டார். இத்தனை வருஷம் காப்பாற்றி வந்த இருட்டு ஒரே நொடியில் போயிற்று. அத்தனை கண்களுக்கு முன்னால் விரிவுரையாளர் கட்டுப்பாட்டு மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிறவர்போலக் குனிந்தார். தேட அங்கே ஒன்றுமில்லை. அண்ணியின் கை தானாக மூக்குக்குப் போனது. இளைஞன் மனைவியைப் பார்த்தான். மனைவி தாத்தாவைப் பார்த்தாள்.

தாத்தா எழுந்தார். குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மேஜையை நோக்கி நடந்து வந்தார். அறையத்தான் வருகிறார் என்று விரிவுரையாளர் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். மூக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஆளும் வந்தார். குழந்தை இன்னும் காயாத கண்ணோடு அவரைப் பார்த்து ஒரு குமிழி ஊதியது.

தாத்தா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்பாடா, ஒரு வழியா சொல்லிட்டீங்க! கோழிப்பண்ணைக்காரன் பேத்திக்குக் கிரீடம் எதுக்கு சார்? ஷோ பாத்த அன்னைக்கே போன்ல அர்த்தம் தேடிப் பாத்து, அந்த வாலுக்காகத்தான் இந்தப் பேரையே பிடிச்சோம்; உங்களுக்குத் தெரியலன்னு உங்க முகத்துக்கு நேரா சொல்ல எங்களுக்குத்தான் வெக்கமா இருந்துச்சு!"