புதன்கிழமைத் தொப்பி

பிரைட்டன் பேச்சை ஒரே நாளில் குழி தோண்டிப் புதைத்துவிடுவது என்று வெர்னன் முடிவு கட்டினார். குழி தோண்டுவதில் மனிதர் கெட்டிக்காரர். ரெட்ஹில் வீட்டுப் பின்புறத்தில் அவர் மண்வெட்டி படாத இடமில்லை. எல்லாம் கொடிபீன்ஸுக்காக. பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிப் பந்தல் போட்டிருக்க மாட்டார்.

அந்த வீட்டை விற்றுவிட்டுக் கடலோரம் பிரைட்டனுக்கே போய்விடலாம் என்று மனைவி ஐரிஸ் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கத்திச் சொன்னால் பதிலுக்குக் கத்தலாம். அவளோ தேநீரில் சர்க்கரை கலக்குகிற மாதிரி சொல்வாள். அதை எப்படி எதிர்க்கிறது?

"சரி ஐரிஸ், ஒரு நாள் போய்ப் பாப்போம். சாயங்காலமும் உனக்கு அதே ஆசை இருந்தா நான் குறுக்க நிக்கல. இது வாக்கு."

"எப்ப வேணா போகலாம் வெர்னன். வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம்."

"ஏன், ஞாயித்துக்கிழமைக்கு என்ன?"

"அன்னிக்கு அங்க ஒரு பெரிய கூட்டமே உடம்புல துணியில்லாம சைக்கிள்ல ஊர்வலம் போகும். வருஷா வருஷம் நடக்கிறதுதான். கூச்சல், கும்மாளம். நமக்கெதுக்கு அதெல்லாம்?"

வெர்னனுக்கு வாய்க்குள் சிரிப்பு. ஐரிஸ் யார்? சர்ச் ஜன்னலில் இருக்கிற குட்டித் தேவதைகளுக்கே கால்சட்டை தைத்துப் போடலாமா என்று கேட்டவள். அந்த ஊர்வலத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். அப்புறம் கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமையேதான் போறோம்!" என்றார்.

"உன் இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள் ஐரிஸ்.

ரயிலில் அவள் மடியில் ஒரு பெரிய பை. "ஒரு நாளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மூட்டை?" என்றார். "இருக்கட்டுமே" என்றாள்.

கடலைக் கண்டதும் காலணியைக் கழற்றுவது வெர்னனின் அப்பா காலத்துப் பழக்கம். கழற்றினார். பிரைட்டன் கரை முழுக்கக் கூழாங்கல். நாலு எட்டு வைப்பதற்குள் சுடுசட்டியில் விழுந்த கடுகாகத் துள்ளினார். ஐரிஸ் பையிலிருந்து ரப்பர் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாக நடந்தாள்.

மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கினார்கள். வெர்னன் கடலைப் பார்த்து ராஜாவாக உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒரு கடற்காகம் வந்தது. ராஜாவின் மீன் வானத்துக்குப் போய்விட்டது.

"திருட்டு ஊர்! பறவைகூடத் திருட்டுப் பறவை! உன்னுத மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"சுவத்துல முதுகைச் சாச்சு உக்காந்தா அது பின்னால வர முடியாதுல்ல? ஏதோ தோணிச்சு. இந்தா, என்னுதுல பாதி சாப்பிடு."

அதற்குள் மணியோசை கேட்டது. முன்னால் போலீஸ்காரர்கள், முழு உடுப்போடு. பின்னால் சைக்கிள்கள், உடுப்பே இல்லாமல். கிழவர், குமரி, தாடிக்காரர், வழுக்கைத் தலையர். எங்கும் ஒரே சதைமயம். வெர்னன் பூரிப்போடு மனைவி முகத்தைப் பார்த்தார். இதோ கண்ணைப் பொத்தப் போகிறாள்!

"பாவம், இந்த வெயில்ல சீட்டு எப்படிச் சுடும்!" என்றாள் ஐரிஸ், சிப்ஸைக் கடித்துக்கொண்டே.

அப்போது எழுபதைத் தாண்டிய ஒருவர் கூட்டத்திலிருந்து சைக்கிளை ஒதுக்கினார். உடம்பில் ஒரு நூல் கிடையாது. தலையில் மட்டும் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட கம்பளித் தொப்பி.

"ஐரிஸ்! புதன்கிழமை வர்றேல்ல? கேக்கு உன் முறை, மறந்துடாத!"

"வர்றேன் ஆம்புரோஸ்! பாத்து ஓட்டு!"

வெர்னனுக்கு அந்த ஆளைத் தெரியாது. அந்தக் கம்பளியைத் தெரியும். மாதக்கணக்கில் அவர் நாற்காலியடியில் உருண்டு கிடந்த நூல்கண்டு.

"யாரு அவன்?"

"என்கூடக் கடல்ல குளிக்கிறவர். தொப்பி மட்டும் இல்லேன்னா எனக்கே அடையாளம் தெரிஞ்சிருக்காது."

"புதன்கிழமை பின்னல் வகுப்புக்குப் போறேன்னியே?"

"பின்னினேனே. குளிக்கிறவங்க எல்லாருக்கும் தொப்பி."

"தலை ஈரமா வருவியே! மழைன்னியே!"

"நீயும் ஒரு தடவையாவது ஜன்னல் வழியா வானத்தைப் பாத்திருக்கணும்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன குளிர்காலம் உன் நெஞ்சைத் திறந்து வச்சிருந்தாங்களே வெர்னன், அப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்தா உன் நாற்காலி காலியா இருக்கும். அதைப் பாக்க முடியல. ஒரு நாள் கால் போன போக்குல ரயில் ஏறி இங்க வந்து நின்னு அழுதேன். குளிச்சிட்டிருந்த இவங்க யாரும் என்ன ஏதுன்னு கேக்கல. 'தண்ணில இறங்கும்மா, அழுதாலும் வெளிய தெரியாது'ன்னாங்க. கரையேறினதும் கையில கேக்கைக் கொடுத்தாங்க."

வெர்னன் கடலைத் திரும்பிப் பார்த்தார். தான் மயங்கிக் கிடந்த நாளில் தன் பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்த ஊர் இது. இதையா புதைக்க வந்தோம்? அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல் குத்தக் குத்த நடந்துபோய், முழங்கால் அளவுக்கு அந்தக் கடலில் நின்றார். அதற்கு வேறெப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கரையேறியதும் பையிலிருந்து ஒரு துண்டு வந்தது. சுடச்சுடத் தேநீர் வந்தது. அவர் தலை அளவுக்கே பின்னிய ஒரு தொப்பியும் வந்தது.

"அப்ப, இன்னிக்கு வேணாம்னு சொன்னது?"

"வேணும்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

மானத்தைக் காப்பாற்ற வெர்னன் தொண்டையைக் கனைத்தார். "வாக்குன்னா வாக்கு. இங்கயே வந்துடலாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆனா என் கொடிபீன்ஸுக்கு இடம் வேணும்."

"ஆம்புரோஸ் வீட்டுக் கீழ்த்தளம் காலியா இருக்கு. பின்னால வெயில் விழுற தோட்டம்."

"அவசரப்படாதே ஐரிஸ். கடலோர மண்ணு. பீன்ஸ் வருமா வராதான்னு நான் பாத்துத்தான் சொல்லணும்."

"வருது வெர்னன்," என்றாள் ஐரிஸ், அவர் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டபடி. "அங்க நான் நட்டது இப்பவே முழங்கால் உயரம் வந்துடுச்சு."