வாங்காத வீட்டின் விலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். நலமாக இருப்பதற்குச் செலவில்லை என்பதால் அதில் மட்டும் குறை வைக்கவில்லை. அங்கு தாங்களும் அக்காவும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் குடும்பத்துக்கு யோசனை சொல்லிவிட்டு ஊர் திரும்பியவருக்கு என்ன குறை வரப்போகிறது.

சென்ற முறை வந்தபோது என் நாற்காலியில் அமர்ந்து, பொருளாதாரச் சுதந்திரம் என்று ஒன்றை விளக்கினீர்கள், நினைவிருக்கும். ஒரு வருடச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால் அப்புறம் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றீர்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கிறவனிடம் போய் இதைச் சொல்லலாமா? இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். ஃபோனை வைத்ததும் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, இன்னும் கொஞ்சம் கனிவாகப் பேசியிருக்கலாம் என்பார். எனக்குச் சுதந்திரம் வேண்டியிருந்தது மச்சான். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. தாங்களும் கம்ப்யூட்டரில் வரவு, செலவு, மிச்சம் என்று கட்டம் போட்டு, மிச்சம் ஏற ஏறப் பச்சையாகும்படி அடியில் ஒரு பட்டையும் வைத்துக் கொடுத்தீர்கள். மிச்சத்தை மட்டும் நாங்களே எழுத வேண்டும் என்று விட்டுவிட்டீர்கள். அங்கேதான் வந்தது வினை.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போயிற்று, அதாவது பட்டை அசையவே இல்லை. அடுத்த மாதம் தங்கள் தங்கை தள்ளுபடியில் ஒரு குக்கர் வாங்கி, தள்ளுபடித் தொகையை மிச்சத்தில் எழுதினாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாதி விலைக்கு வாங்கினால் பாதி மிச்சம் என்றால், வாங்காமலே வந்தால் முழு விலையும் மிச்சம்தானே என்று கேட்டவன் நான். அன்று மாலையே மூவரும் கிளம்பிப் போய் ஒரு ஃபிரிட்ஜை வாங்காமல் வந்தோம். பட்டை நகர்ந்தது. ருசி கண்டபின் சும்மா இருக்க முடியுமா? மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தினம் ஒரு லேப்டாப் வாங்காமல் வருவாள். தங்கள் தங்கை நகைக்கடையில் வளையல் வளையலாகப் போட்டுப் பார்த்து, கழற்றிக் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வீடு திரும்புவாள். நான் கார்களைப் பார்த்துக்கொண்டேன். கடைகளுக்குப் போய்வர ஆன பஸ் செலவையும், அலைந்த களைப்புக்குக் குடித்த காபியையும், சில்லறைதானே என்று எழுதாமல் விட்டோம். கடைசியில் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போனோம். தரகர் அறை அறையாகக் காட்டினார். தங்கள் தங்கை சமையலறை ஜன்னலைத் திறந்து மூடி, வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூட விசாரித்தாள். பிறகு அந்த வீட்டையும் வாங்காமல் திரும்பினோம். எழுதி முடித்ததும் பட்டை முழுக்கப் பச்சையாகி, ‘வாழ்த்துகள், இனி நீங்கள் வேலைக்குப் போக வேண்டியதில்லை’ என்று வந்தது. அந்த வாசகத்தை எழுதி வைத்தது தாங்கள்தானே? படித்த மனிதர் பொய் எழுதுவாரா என்று நம்பி, திங்கட்கிழமை காலையில் மேனேஜரின் மேசையில் ராஜினாமாவை வைத்தேன். இன்னும் கொஞ்சம் கனிவாக வைத்திருக்கலாமோ என்று அவரிடமே கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கள் தங்கை கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஏங்க, வாங்க முடியாததை எழுதியாச்சும் பார்த்துக்கலாம்னு ஏதோ ஆசைக்கு எழுதினேன். அதை நம்பியா வேலையை விட்டீங்க?”

“பட்டை பச்சையாயிடுச்சே” என்றேன்.

“பேங்க்ல என்ன ஆயிருக்குன்னு பாருங்க.”

பார்த்தோம். தாங்கள் வந்துபோன மாதத்தில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. மகள் எதுவும் சண்டை போடவில்லை. தன் கல்லூரிக்கு எடுத்துவைத்தது இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நேற்றும் இன்றும் லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது மச்சான். இந்த மாதத்தோடு சம்பளம் நின்றுவிடும், அப்புறம் இவர்கள் இரண்டு பேரையும் எப்படிக் காப்பாற்றுவேன்?

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து மேனேஜரின் காலில் விழ வேண்டும். நானே விழலாம், ஆனால் கட்டம் போட்டது தாங்கள். வந்த கையோடு அந்தக் கணக்கையும் திருத்தி, மிச்சத்தில் எங்கள் கை படாதபடி ஒரு பூட்டுப் போட்டுவிடவும். மேனேஜர் மனம் இரங்காவிட்டால், மூட்டை முடிச்சோடு மூவரும் அங்கேயே வந்துவிடுகிறோம். மாடி அறையை ஒழித்து வைக்கும்படி அக்காவிடம் சொல்லவும். அங்கே வெயில் எந்தப் பக்கம் விழும் என்று தங்கள் தங்கை கேட்கிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். இப்போதைக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் வைத்திருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆபீஸிலிருந்து ஃபோன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். ராஜினாமாவை வைத்த அன்று மேனேஜர் காரணம் கேட்டார். பெருமை தாங்காமல் தங்கள் கணக்கை அவருக்கும் அனுப்பி, மிச்சம் எழுதும் முறையையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மனுஷர் என்னைவிடக் கெட்டிக்காரர். நேற்றுக் குடும்பத்தோடு போய் ஒரு ஹோட்டலையே வாங்காமல் வந்திருக்கிறார். இன்று காலை அவரும் ராஜினாமா. நாளை முதல் அவர் இடத்தில் நான் உட்கார வேண்டுமாம், சம்பளமும் கூடுதலாம். என் ராஜினாமா மேலிடத்துக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. அவர் டிராயரில்தான் கிடக்கும், நானே எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் வர வேண்டாம். எனக்கு மேலே இன்னும் இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து கணக்கைத் திருத்திவிடாதீர்கள்.