தார்ப்பாய்க்குள் திரும்பிய மகிழுந்து

இதை எழுதியே தீரவேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியவன் என் மைத்துனன் செல்வம். என் மனைவியின் முதலாண்டு நினைவுநாளன்று, தடைமிதி (பிரேக்) என்று எண்ணி முடுக்குமிதியை (ஆக்சிலரேட்டரை) நான் மிதித்துவிட்டதாக, அந்தமானில் மின்னி பேயிலிருந்து திக்லிபூர் வரை அவன் பரப்பியிருக்கிறான். (கப்பலிலும் சொல்லியிருக்கிறான். சீட்டுப் பார்ப்பவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.) அது பொய். முடுக்குமிதி என்று நன்கறிந்தேதான் அதை மிதித்தேன். உண்மை வரலாறு வருமாறு.

அம்மகிழுந்து என் மனைவி மங்கையுடையது. இடது முழங்கால் தேய்ந்தபின், பல்லிணையைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியாகத் தேடி வாங்கினாள். (பல்லிணை என்றால் கியர். எங்கள் வீட்டில் எவரும் என் சொல்லை ஏற்றதில்லை.) அமாவாசைதோறும் மரைன் ஹில்லில் இருக்கும் தன் தமக்கையை அதில்தான் அழைத்து வருவாள். தமக்கையார் வேறெந்த வண்டியிலும் ஏறமாட்டார்.

மங்கை மறைந்தபின் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினேன். அவ்வாண்டின் இரு பருவமழைகளும் போயின. வண்டி அசையவில்லை. நானும் ஒருநாளும் அழவில்லை. சிலர் அதைத் திடம் என்றனர். சிலர் வேறு பெயரிட்டனர்.

நினைவுநாளுக்குத் தமக்கையாரை அதே வண்டியில் அழைத்து வருவதாக வாக்களித்திருந்தேன். ஒப்பந்த வேலை செய்யும் செல்வமோ வேறு ஏற்பாட்டில் இருந்தான்.

“அத்தான், வண்டி சும்மா பேகார்ல நிக்குது. இன்னிக்கு நகரலேன்னா விட்டுருங்க. திக்லிபூர்ல ஒரு பார்ட்டி பார்ட் பார்ட்டா கழட்டி எடுத்துக்குவான்.”

“நகரும்,” என்றேன்.

காலையில் தூறல் விழுந்தமையால், தார்ப்பாயை அவிழ்த்து, முற்றத்தின் முன்பகுதியில் மூங்கில் நட்டுப் பந்தலாகக் கட்டினோம். அதன்கீழ் மங்கையின் படம், படையல், பாயசக் குண்டான். புதிய மின்கலம் பூட்டியதும் பொறி உயிர்பெற்றது. நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். மங்கை குள்ளம், இருக்கை திசைமாற்றுச் சக்கரத்தை ஒட்டியே கிடந்தது. முழங்கால்கள் இடித்தன. அதை நான் தள்ளவில்லை.

பல்லிணைக்கோலை முன்னோக்கும் ‘டி’க்கு இழுத்தேன். அசைவில்லை. பின்னோக்கும் ‘ஆர்’. அதற்கும் அசைவில்லை. மீண்டும் ‘டி’க்கே கொண்டுவந்தேன்.

“கியர்பாக்ஸ் கயா, போச்சு,” என்று தீர்ப்பளித்தான் செல்வம். “மெயின்லேண்ட்லேருந்து ஷிப்புல வரணும். வர்றதுக்குள்ள நாம போயிருவோம்.”

அண்டைவீட்டு வங்காளி பிஸ்வாஸ் மட்டும் பரிவோடு, “மாஸ்டர்ஜி, தேல் தேக்கா?” என்று எண்ணெயைப் பற்றிக் கேட்டார்.

தேல் தேக்காமலா இருப்பேன்! அளவுகோலை உருவிப் பார்த்திருந்தேன். அளவு சரி. நிறம் சிவப்பு. தீய்ந்த நாற்றம் இல்லை. ஆகவே பெட்டி பழுதன்று என்று துணிந்தேன். நெடுங்காலம் நின்ற வண்டியில் மேலறைகளின் எண்ணெய் அடித்தட்டுக்கு வடிந்துவிடும். பொறி ஓட ஓட அது மீண்டும் ஏறி அழுத்தம் பெற்ற பின்னரே உட்தட்டுகள் ஒன்றையொன்று பற்றும். இதைச் சாளரத்தின் வழியே விரித்துரைத்தேன்.

“தமிழ்ல சொல்லுங்க அத்தான்!” என்றான் செல்வம். கூடியிருந்தோர் சிரித்தனர்.

அச்சிரிப்பே என்னைக் கெடுத்தது. காத்திருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நானே, எண்ணெய் விரைந்து ஏறட்டுமென முடுக்குமிதியை அழுத்தினேன். கோல் ‘டி’யிலேயே இருந்தது. பொறி கர்ச்சித்தது. நான் ‘அழுத்தம்’ என்னும் சொல்லின் நடுவில் இருந்தேன்.

எண்ணெய் ஏறிவிட்டது.

வண்டி பாய்ந்தது. பிஸ்வாஸ் மங்கையின் படத்தை அள்ளிக்கொண்டு செம்பருத்திக்குள் குதித்தார். குண்டான் கவிழ்ந்து பாயசம் முழுதும் தென்னைக்குப் போயிற்று. நான் தடைமிதியை ஊன்றவும், அத்தென்னையில் முட்டி வண்டி நின்றது. மூங்கில்கள் சரிந்தன. ஓராண்டு மூடியிருந்த அதே தார்ப்பாய் மீண்டும் வண்டியை முழுவதுமாகப் போர்த்தியது. இம்முறை உள்ளே நானும் இருந்தேன்.

உள்ளே எங்கும் நீலம். வண்டி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்த பொட்டு ஒன்று, அவள் உயரத்துக்கு. என் முழங்கால்கள் அவள் இடத்தில் நெருக்குண்டு கிடந்தன. அப்போது என் நெஞ்சிலிருந்து எழுந்த ஒலியை நான் முதலில் வண்டியின் ஒலி என்றே நினைத்தேன்.

“அத்தான்! அடி பட்டுச்சா?”

யாரோ தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினர். உடனே செல்வத்தின் குரல், இம்முறை தாழ்ந்து: “சோடோ தாதா, விடுங்க. இப்பத்தான் எண்ணெய் ஏறுது.”

நெடுநேரம் கழித்து, நசுங்கிய முகப்போடு மரைன் ஹில்லுக்கு ஓட்டினேன். தமக்கையார் கைத்தடியால் அந்த ஒடுக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிவந்திருந்த என் கண்களைப் பார்த்தார்.

“நீங்களும் வண்டியும் ஒடுக்கு இல்லாம வந்திருந்தா ஏறியிருக்கமாட்டேன் தம்பி. இப்பத்தான் இது என் தங்கச்சி வண்டி,” என்று ஏறி அமர்ந்தார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் பதில் சொல்லத் தாமதித்தாலும், “பொறுங்க, எண்ணெய் ஏறட்டும்” என்கிறார்கள். செல்வம் சொல்லும் மிதிக் கதையில் மட்டும், தார்ப்பாய்க்குள் நான் இருந்த பொழுது வருவதே இல்லை. எவரேனும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.

பல்லிணைப்பெட்டியின் இயல்பு குறித்தோ என் சொல்லாக்கங்கள் குறித்தோ பிழை காணும் அன்பர்கள் தயங்காது எழுதித் திருத்துக; நன்றியோடு ஏற்பேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் முழங்கால் இடிக்காது என்பதை மட்டும் எழுத வேண்டா. அறிவேன்.