மூன்றாவது சாட்சியின் கையொப்பம்

எங்கள் வக்கீல் அலுவலகத்து மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மணி அவர்களுக்கும்,

தமக்கென எழுதப்பட்ட சொத்தைச் சூதாட்டத்தில் இழந்தவர்கள் உண்டு. குடியில் இழந்தவர்கள் உண்டு. வழக்காடியே இழந்தவர்களும் உண்டு. அழகான கையொப்பத்தால் இழந்தவன், நானறிந்த வரையில், இந்தப் பினாங்குத் தீவில் அடியேன் ஒருவனே. ஒரு பகற்பொழுது மட்டுமே இழந்திருந்தேன் என்பதாலும், அதற்குள் நான் அடைந்தது அதனினும் பெரிது என்பதாலும், இதனைச் சற்றே பெருமிதத்துடன் எழுதத் துணிகிறேன்.

நான் பேசப் பழகும் முன்னரே என்னைப் பெற்ற தந்தையார் காலமானார். பின்னர் என் தாயார், டத்தோ கிராமாட் சாலையில் மாட்டுவண்டிக் கொட்டகை நடத்திவந்த வேலாயுதம் என்பவரை மறுமணம் புரிந்துகொண்டார். அவரும் மனைவியை இழந்தவர்; பாக்கியம் என்று ஒரு மகள் அவருக்கு இருந்தாள். ஊர்ப்பக்கத்தில் இத்தகைய மணம் என்ன பாடு பட்டிருக்குமோ நானறியேன். இங்கு வந்து சேர்ந்தவர்களோ பாதிச் சாத்திரத்தைக் கடலில் கரைத்துவிட்டே கப்பலிலிருந்து இறங்கியவர்கள்.

அவர் எனக்குச் சோறிட்டார், துணி எடுத்தார், தொழிலும் கற்பித்தார். ஆயினும் நான் அவரை வண்டிக்காரர்களைப் போல ‘முதலாளி’ என்றே அழைத்துவந்தேன். அப்படி அழைக்கச் சொன்னவரும் இல்லை. வேண்டாமென்று தடுத்தவரும் இல்லை.

என் கல்வியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மளிகைச் சாமான் கட்டிவந்த செய்தித்தாள்களிலிருந்து நானே ஆங்கிலம் கற்றேன். (தாள் கிழிந்த இடத்தோடு என் படிப்பும் நின்றுவிடும், ஆகவே உலகத்துப் பெரிய செய்திகள் பலவற்றின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.) அக்கல்வியின் சிகரமாக ஓர் ஆங்கிலக் கையொப்பத்தை உருவாக்கியிருந்தேன். மூன்று சுழிகள், அவற்றின் கீழே ஒரு நீண்ட வால். கொட்டகையின் பின்சுவரில் கரித்துண்டால் அதனைப் பயின்றேன். பார்வையாளர்கள் காளைகள் மட்டுமே. அவற்றுள் ஒன்றுகூட ஆட்சேபம் தெரிவித்ததில்லை.

அந்நாளில் முதலாளி ஒரு நேர்த்திக்கடனைத் தீர்க்க நாகப்பட்டணம் புறப்பட்டார். கப்பல் ஏறுமுன் உயில் எழுதிவைப்பது எங்களவர் வழக்கம். புறப்படும் நாள் காலையில் வக்கீல் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி குடையும் கைப்பெட்டியுமாக வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இராது. அவர் ஒரு சாட்சி. பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ராவுத்தர் மற்றொரு சாட்சி.

ஒரு வீட்டின் பத்திரத்தில் சாட்சியாக ஒப்பமிட அழைக்கப்படுவது எங்களிடையே சிறிய மரியாதை அன்று. மூத்த மகனின் கையொப்பம் இல்லாத பத்திரம் கோபுரமில்லாத கோயில் என்பார்கள். நானோ விடியற்காலையிலேயே சலவைக் கோட்டு அணிந்து, காலில் இரவல் சப்பாத்து மாட்டி, விரல்களை நீவிவிட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

“தம்பி, நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்றார் முதலாளி.

“காட்டியாச்சு, முதலாளி.”

“இன்னொரு தடவை காட்டு.”

போனேன். வயிறு நிறையக் குடித்திருந்த காளைகள் வாளியையும் என் கோட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. சன்னல் வழியே நோக்கினேன். ராவுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒப்பமிட்டுக்கொண்டிருந்தார். பாக்கியம் அக்கா தள்ளியே நின்றாள். (பெண்பிள்ளை என்பதால் அவளை அழைக்கவில்லை என்று என் அறிவு உடனே தீர்ப்பளித்தது. அந்த அறிவைப் பற்றி வேறென்ன சொல்ல!) அடுத்த வீட்டுக்காரர் ஒப்பமிடுகிறார், நான் மட்டும் மாட்டோடு நிற்கிறேன். இவ்வீட்டில் நான் மனைவியோடு வந்த பிள்ளை, மகன் அல்லன். இத்தனை ஆண்டுகள் கேட்க அஞ்சிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே எண்ணினேன்.

வாளியை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன். வேலை முடிந்த நிறைவில் கிராணியார் அப்போதுதான் என் தாயார் சுட்ட ஆப்பத்தில் பாதியை வாய்க்குள் செலுத்தியிருந்தார்.

“நான் இந்த வீட்டுப் பிள்ளையா, வேலைக்காரனா? ராவுத்தர் மாமா போடலாம், நான் போடக்கூடாதா?”

“டேய், அவசரப்படாதே! சொல்றதைக் கேளு,” என்று முதலாளி எழுந்தார்.

கிராணியார் கண்களை உருட்டி இரு கைகளையும் பலமாக ஆட்டினார். வாயில் ஆப்பம் இருந்ததால் சொல் வெளிவரவில்லை. அதனை நான் ஊக்குவிப்பாகவே கொண்டேன். பேனாவைப் பற்றி, அவ்விரு சாட்சிகளுக்கும் கீழே, எல்லோரும் பார்க்க என் கையொப்பத்தைப் பொறித்தேன். மூன்று சுழிகளும் இம்மியும் பிசகவில்லை. வால், மேலே ஏறி ராவுத்தரின் பெயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

“அடேயப்பா! என் பேரை மலைப்பாம்பு முழுங்கிடுச்சுலா!” என்றார் ராவுத்தர்.

கிராணியார் ஒருவழியாக ஆப்பத்தை விழுங்கினார். “ஐயோ தம்பி! என்ன காரியம் செய்து போட்டீர்!”

“ஏன், மை சிந்திவிட்டதா?”

“கொட்டகை, வண்டி, மாடு எல்லாம் உமக்கெல்லோ எழுதியிருக்கு! சாட்சி வைக்கிற ஆளுக்கு அந்த உயிலிலையிருந்து ஒரு துரும்பும் போகாது. அதுதான் சட்டம். உம்மை வெளியிலை அனுப்பச் சொன்னதே நான்தானே!”

“அழித்துவிட்டால்?” என்றேன்.

“அழிக்கேலாது. புதுசா எழுத வேணும்.”

“எழுதலைன்னா தம்பி பங்கு யாருக்குப் போகும்?” என்று கேட்டவள் பாக்கியம் அக்கா.

“உமக்குத்தான் பிள்ளை. மிச்சமெல்லாம் மகளுக்கெண்டுதான் இதிலை எழுதியிருக்கு. தாயோட வந்த பிள்ளைக்குச் சட்டத்திலை வேறை வழி இல்லை. இந்தத் தாள் ஒண்டுதான்.”

கடலை நம்புவதற்கில்லை, முதலாளி திரும்பி வராமற்போனால், நான் வளர்ந்த கொட்டகையிலேயே நான் கூலியாள். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவளுக்கு வீடு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. இப்போது கொட்டகையும் வாசல் தேடி வந்து நிற்கிறது.

அக்கா மூக்கைச் சுளித்தாள். “எனக்கு மாடா? அந்த நாத்தத்தை யாருலா கட்டிக்கிட்டு அழுவுறது? நிக்கிறீங்களே, ரிக்சாவைக் கூப்பிடுங்க!”

முதலாளியின் பெட்டிகள் ஏற்கெனவே துறைக்குப் போய்விட்டன. அவரும் உடனே போயாக வேண்டும். புதிய உயிலைத் தட்டெழுத்தில் அடிக்கக் கிராணியார் அலுவலகத்துக்கு ஓடினார். அவர் தாள் சுருளைத் தகரக் குழாயில் அடைத்துக்கொண்டு துறைக்கு வந்தபோது, முதலாளி துறையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குச் சென்றுவிட்டார். கிராணியார், ராவுத்தர், அக்கா, நான் ஆகிய நால்வரும் ஒரு சம்பான் படகில் ஏறினோம். அதனைத் துழாவிய சீனர், “எல்லாருமா இந்தியாவுக்கு?” என்று மலாயில் கேட்டார்.

“தீடா, தீடா! இல்லவேயில்லை, ஒரு கையெழுத்துக்கு!” என்றார் ராவுத்தர். தண்ணீர் என்றால் நடுங்குபவராகையால் கண்களைத் திறக்காமலே விடையளித்தார்.

கப்பல் ஏணியில் தொற்றியபோது என் காலொன்று தவறி முழங்கால் வரை கடலுள் இறங்கிற்று. இரவல் சப்பாத்தில் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. (அதனை இரவல் கொடுத்தவர் ராவுத்தர். அன்று அவர் கண்ணை மூடியிருந்தது என் நல்லூழ்.)

மேல்தளத்தில் வெங்காய மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் இடையே, முதலாளி தம் பெட்டியின்மீது அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, பெட்டியைத் துண்டால் துடைத்து மேசையாக்கிக் கொடுத்தார். அவர் ஒப்பமிட்டார், கிராணியார் ஒப்பமிட்டார், ராவுத்தர் ஒப்பமிட்டார். அவ்வளவு நேரமும் பாக்கியம் அக்கா என் வலது மணிக்கட்டை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

“மை காஞ்சிடுச்சு அக்கா. விடேன்.”

“இன்னும் காயட்டும்.”

அவள் பிடியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் என் பெயருக்கு முன்னே ‘என் மகன்’ என்றிருந்தது. அந்தச் சொற்களை எந்த மளிகைத் தாளும் எனக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

“மனைவிக்கு முந்தின கலியாணத்திலை பிறந்த பிள்ளை எண்டு போடச் சொன்னவர் வக்கீல் துரை,” என்றார் கிராணியார். “இவர் ஒத்துக்கொள்ளேல்லை. கடைசியிலை ரெண்டையும் போட்டனாங்கள். இவரின்ரை சொல்லுத்தான் முன்னுக்கு.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அப்பா,” என்றேன்.

அச்சொல் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. அவர் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நீயும் முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா,” என்றார்.

அவர் நேர்த்திக்கடனைத் தீர்த்து நலமாகத் திரும்பினார். பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, கொட்டகையை என் கையில் விடாமல் தாமே நாள்தோறும் அதிகாரம் செய்தார். அவருக்குப் பின் அவ்வுயில் ஓரெழுத்தும் பிசகாமல் நிறைவேறிற்று.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாரையேனும் பெரியவர்கள், “போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்று வெளியே அனுப்பினால், அவருக்கு ஏதோ எழுதப்படுகிறது என்று பொருள். அண்மையில் நான் என் உயிலை எழுதியபோது என் பிள்ளைகளையும் அக்காவின் பிள்ளைகளையும் அவ்வாறே அனுப்பினேன். கொட்டகையில் மாடுகள் போய் லாரிகள் வந்துவிட்டன. ஆயினும் அனைவரும் ஆளுக்கொரு வாளியுடன் சென்று, லாரிகளைச் சுற்றி மரியாதையாக நின்றார்கள்.

ஐயா, அம்மணி, இவ்வரலாற்றை எங்கள் வீட்டுப் பத்திரங்களோடு தகரக் குழாயில் வைத்துக் காத்தருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே கையொப்பம் இல்லையே என்று ஐயுற வேண்டாம். பாக்கியம் அக்கா பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறாள். என் மணிக்கட்டு அவள் கையில் இருக்கிறது.