மசாகியின் கல்லுக்கு யார் பெயர்?

கிதாமி ஊர் மசாகிக்கு ஆகாயத்தில் ஒரு கல் இருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தில், செவ்வாய் ஓரமாக, நாலே கிலோமீட்டர் அகலத்தில் ஒரு குறுங்கோள். வெங்காயக் கிடங்கில் எடை போட்ட நேரம் போக, பன்னிரண்டு குளிர்காலம் தொலைநோக்கியோடு விறைத்து நின்று கண்டுபிடித்தது. இப்போது எண் வந்துவிட்டது. இனி பெயர் வைக்க வேண்டும். அந்த உரிமை கண்டுபிடித்தவருக்கே; வெளிநாட்டு வானியல் குழு ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"என் பேருதானே வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி தொமோகோ.

"பின்னே யாரு பேரு?" என்றார் மசாகி. சொன்னது பொய்.

அவருக்கு ஆசை தன் பெயர்மேல். தன் கல்லுக்குத் தானே தன் பெயரை வைத்துக்கொண்டாலோ வானம் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள். ஆனால் பக்கத்துத் தெரு நுமாதாவிடமும் ஒரு கல் இருந்தது.

"என் கல்லுக்கு உன் பேரு. உன் கல்லுக்கு என் பேரு. என்ன சொல்றே?" என்று அவரிடம் போய்க் கேட்டார் மசாகி.

"உன் வீட்டுல கேட்டா?"

"தொமோகோ பேரைத்தான் அனுப்பினேன், குழுவுல ஒத்துக்கலைன்னு சொல்லிடுவேன்."

விண்ணப்பம் ஆங்கிலத்தில் போக வேண்டும். இருவருக்கும் அது சுட்டுப்போட்டாலும் வராது. நுமாதாவின் மனைவி கினுயே பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். இரண்டையும் அவளே கூட்டெழுத்தில் கோழி கிளறியதுபோல் எழுதித் தந்தாள்.

"தொமோகோகிட்ட மூச்சு விடக் கூடாது, தங்கச்சி."

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்? முத்திரையை இங்க குத்துங்க."

மசாகி கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்திக் குத்தினார்.

அதன்பின் நாலு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மிசோ சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். தொமோகோ தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, "எனக்கு ஆகாயத்துல இடம் கிடைக்கப் போவுது" என்று அவள் சொல்வதைக் கேட்டபோது அவருக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் பெயரை மாற்றச் சொல்லி இன்னொரு கடிதம் எழுத மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் கினுயே குழுவின் அறிவிப்புத் தாளோடு வந்தாள். பின்னால் நுமாதா, முகத்தில் ஈயாடாமல். தொமோகோ விசேஷத்துக்குச் செய்யும் சிவப்புப் பயறுச் சோறு ஆக்கி வைத்திருந்தாள்.

மசாகி முந்திக்கொண்டார். "தொமோகோ, நான் உன் பேரைத்தான் அனுப்பினேன். அங்க குழுவுல..."

"இருங்க, கினுயே படிக்கட்டும்."

கினுயே படித்தாள். "மசாகி அண்ணன் கல்லுக்குப் பேரு, கினுயே. என் வீட்டுக்காரர் கல்லுக்குப் பேரு, தொமோகோ."

மசாகி நுமாதாவைப் பார்த்தார். நுமாதா தரைப்பாயைப் பார்த்தார்.

"நான் இப்படி எழுதச் சொல்லலையே, தங்கச்சி."

"முத்திரை உங்களுதுதானே, அண்ணே?"

தொமோகோ நாலு கிண்ணத்திலும் சோற்றைப் போட்டாள். "குழுவுல ஒத்துக்கிட்டாங்க போலிருக்கே" என்றாள்.

மசாகி தாளை எட்டிப் பார்த்தார். "அப்போ நான் எங்கேயுமே இல்லையா?"

"ஏன் இல்லாம?" பெயருக்கு அடியில் அச்சிட்டிருந்த விளக்க வரியில் கினுயே விரலை வைத்துக் காட்டினாள். "'தொமோகோ: ஒரு கணவரைப் பன்னிரண்டு குளிர்காலம் பொறுத்துக்கொண்டவர்.' அந்த ஒரு கணவர் நீங்கதான், அண்ணே."